தாடை வலிக்கு மலை இறங்க வேண்டுமா?

தாடை மூட்டில் வலி வந்தவர்கள் நேராகத் தாடை மூட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது அபூர்வம். முதலில் காதுக்குச் சொட்டு மருந்து விடுவார்கள். குறையாவிட்டால் சந்தேகம் பல்லின் மேல் திரும்பும். கடைவாயில் சொத்தைப் பல் ஒன்று இருந்துவிட்டால் போதும், பழி முழுவதும் அதன் தலையில் விழுந்து அதைப் பிடுங்கியாகிவிடும். வலி மட்டும் அங்கேயே இருக்கும். அப்புறம் ஒற்றைத் தலைவலி என்று கொஞ்ச நாள் மாத்திரை. இப்படி மூன்று நான்கு வாசல் ஏறி இறங்கிய பிறகுதான், காதுக்கு முன்னால் விரலை வைத்து "வாயைத் திறந்து மூடுங்க" என்று சொல்லும் மருத்துவர் ஒருவர் அகப்படுவார்.

நகரத்தில் இந்த அலைச்சலுக்குப் பணம் செலவாகும். ஜவ்வாது மலையில் பணத்தோடு நாளும் போகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளியும் பலாவும் தேனும் விற்று வாழும் ஊர்கள். ஒன்றியத் தலைமையிடமான ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு வளைந்து வளைந்து இறங்கும் சாலை சுமார் 40 கிலோமீட்டர். உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்க்காரர்களுக்கு ஜமுனாமரத்தூர் வந்து சேர்வதே ஒரு பயணம். பெரிய மருத்துவம் என்றால் வேலூரோ திருவண்ணாமலையோ போக வேண்டும். ஒரு முறை போய்வந்தால் அன்றைய கூலி இல்லை. துணைக்கு வந்தவருக்கும் இல்லை.

ஆகவே, மாதக்கணக்கில் தாடை வலியோடு இருக்கும் ஒருவர் அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எந்த மருத்துவமனை பெரியது என்பதல்ல. எதற்கு மலை இறங்க வேண்டும், எதற்கு இறங்க வேண்டியதில்லை என்பதுதான். இதற்கு இப்போது ஓரளவு தெளிவான விடை உண்டு. அது மலைக்காரர்களுக்குச் சாதகமான விடை. கீழே போய்க் காசு கொடுத்து வாங்கும் சிகிச்சைகளில் பலவற்றுக்குச் சான்று பலவீனமாக இருக்கிறது. மலைக்கு நடந்தே ஏறி வரக்கூடியவற்றுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது.

முதலில் மூட்டைப் பார்த்துவிடலாம். காதின் துளைக்கு நேர் முன்னால் விரல் நுனியை வைத்து வாயைத் திறந்தால், அடியில் ஓர் எலும்புக் குமிழ் முன்னே நகர்வது தெரியும். அது கீழ்த்தாடையின் தலை. மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள ஒரு பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. இந்த மூட்டு கதவுக் கீல் போலச் சுழலவும் வேண்டும், மேசை இழுப்பறை போல முன்னே சரியவும் வேண்டும். வாய் முதல் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் திறக்கும்வரை பெரும்பாலும் சுழற்சி, அதற்குமேல் சறுக்கல். போதாததற்கு இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்றுக்கு வலிக்கிறது என்று அதற்கு மட்டும் ஓய்வு கொடுக்க முடியாது. பேச, உண்ண, கொட்டாவி விட, எச்சில் விழுங்க என்று நாள் முழுக்க இரண்டும் சேர்ந்தே உழைக்கின்றன.

இரண்டு எலும்புக்கும் நடுவே நாரால் ஆன ஒரு சிறு வட்டு இருக்கிறது. நடுவில் மெலிந்து, ஓரங்களில் தடித்தது. மென்று அரைக்கும் அழுத்தம் விழும் நடுப்பகுதியில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் முறுக்கைக் கடிக்கும்போது நமக்கு அங்கே எதுவும் தெரிவதில்லை. வட்டுக்குப் பின்னால் இருக்கும் திசுவிலோ இரண்டும் நிறைய. வட்டு முன்னால் நழுவிவிட்டால், தாடைத் தலை இந்தப் பின் திசுவை நசுக்கும். வாயைத் திறக்கும்போது நழுவிய வட்டின் மேல் தாடைத் தலை மறுபடி ஏறிக்கொள்ளும் கணத்தில்தான் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து வருபவர்கள் ஏராளம். பயப்பட வேண்டியதில்லை. வலியில்லாத சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. எந்த வலியும் இல்லாத ஆரோக்கியமானவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு இடம் மாறியிருப்பது தெரியவந்தது. வட்டு நழுவியும் வலியில்லாமல் இருப்பவர் உண்டு. வட்டு சரியான இடத்தில் இருந்தும் வலியால் துடிப்பவர் உண்டு. இதே மலைத்தொடரில், காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைனு பாப்பு தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்க மலையை விட்டு இறங்கத்தான் வேண்டும். தாடை வலியைப் பொறுத்தவரை பெரும்பாலானவர்களுக்கு அது பெரிய இழப்பில்லை. விரலும் அளவுகோலும் கேள்விகளும் கொண்டே இந்த நோயை அடையாளம் காணலாம். உலகெங்கும் இன்று பயன்படும் நோயறி விதிகள் 2014இல் வெளிவந்தன. அவையும் பேச்சில் தொடங்கிக் கைத்தொடுகையில்தான் நடக்கின்றன. படம் எடுப்பது சில வகைகளை உறுதிசெய்ய மட்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாடை மூட்டு வலி என்று வருபவர்களில் மிகப் பலருக்கு வலி இருப்பது மூட்டில் அல்ல, தசையில். கன்னத்தில் கைவைத்துப் பல்லைக் கடித்தால் புடைக்கிறதே, அந்தக் கன்னத் தசை. நெற்றிப் பொட்டில் விசிறியாக விரியும் தசை. உள்ளே மறைந்திருக்கும் இன்னும் இரண்டு. மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளியோடு இருப்பதுதான் தாடையின் இயல்பான ஓய்வு நிலை. நாள் முழுவதும் கூட்டினாலும் பல்லோடு பல் தொடும் நேரம் சில நிமிடங்கள்தான். கவலையிலோ வேலையின் கவனத்திலோ தன்னையறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பவருக்கு இந்தத் தசைகள் ஓய்வே காண்பதில்லை.

சரி, மூட்டிலும் தசையிலும் உள்ள வலி காதில் ஏன் தெரிகிறது? முகத்தின் உணர்ச்சியைச் சுமப்பது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு, முக்கிளை நரம்பு. அதன் ஒரு கிளைதான் தாடை மூட்டுக்கும் போகிறது, காதின் முன்பகுதிக்கும் போகிறது, நெற்றிப் பொட்டுக்கும் போகிறது. பற்களின் நரம்புகளும் அதே குடும்பம். எல்லாச் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே நிலையத்தில் வந்து குவிகின்றன. அந்த நிலையத்தின் கீழ்முனை கழுத்து வரை நீண்டு, மேல்கழுத்து நரம்புகளையும் வாங்கிக்கொள்கிறது. எங்கிருந்து வந்த செய்தி என்று பிரித்துப் பார்க்க மூளை தடுமாறுகிறது. காது நோகிறது, பல் நோகிறது, பிடரி நோகிறது என்று நோயாளி சொல்வதில் பொய் ஏதுமில்லை. தலைச்சுமையாக விறகும் புளி மூட்டையும் சுமந்து பழகிய ஒருவர் தாடை வலி என்று வந்தால், கழுத்தையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது.

வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்டது என்கிறோம். இந்த எல்லையைத் தாண்டும்போது வலியின் தன்மையே மாறுகிறது. திரும்பத் திரும்பச் செய்தி வந்துகொண்டிருந்தால் மூளைத்தண்டின் அந்த நிலையம் கூருணர்ச்சி அடைந்து, சாதாரண அசைவையும் வலியாக மொழிபெயர்க்கத் தொடங்கும். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ஓப்பெரா என்னும் பெரிய ஆய்வு, தாடை வலியே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, யாருக்குப் புதிதாக வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தது. உடம்பில் வேறு இடங்களில் இருந்த வலிகள், கெட்ட தூக்கம், மன அழுத்தம் ஆகியவைதான் முன்னறிவித்தன. இதைச் சொன்னதும் "அப்ப இது மனசுல தானா?" என்று சிலர் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானது. வலி உண்மையானது, நரம்பில் நடப்பது. தூக்கமும் கவலையும் அந்த நரம்பின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கின்றன, அவ்வளவுதான்.

பல்லின் மேல் பழி போட்ட வரலாறு பழையது. 1934இல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பதினொரு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துபோனால் தாடை அளவுக்கு மீறி மூடி, அதன் தலை பின்னால் போய்க் காதையும் நரம்பையும் அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். கேட்க அழகாக இருந்தது. 1948இல் உடற்கூற்றியலாளர் ஹாரி சிக்கர், அப்படி அழுத்த வழியே இல்லை என்று எடுத்துக் காட்டினார். ஆனால் கோட்பாடு செத்தாலும் பழக்கம் சாகவில்லை. கடிமானம் சரியில்லை, அதனால்தான் வலி என்று சொல்லிப் பற்களைத் தேய்த்துச் சமன் செய்வது பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தது.

1976இல் சிகாகோவில் குட்மன், கிரீன், லாஸ்கின் ஆகிய மூவரும் ஒரு குறும்புத்தனமான பரிசோதனை செய்தார்கள். வலியோடு வந்த 25 பேருக்குப் பல்லைத் தேய்ப்பது போல நடித்தார்கள். கருவி ஓடியது, சத்தம் வந்தது. கடிமானம் துளியும் மாறவில்லை. 16 பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், வலி முழுவதுமாகவோ கிட்டத்தட்ட முழுவதுமாகவோ போய்விட்டது என்றார்கள். எனக்குத் தெரிந்தவரை பல் மருத்துவத்தில் இதைவிட அடக்கம் கற்பிக்கும் ஆய்வுகள் அதிகமில்லை. அந்தப் பதினாறு பேரும் ஏமாளிகள் என்று இதற்குப் பொருளில்லை. இந்த வலி ஏறியிறங்கும் இயல்புடையது. நம்பிக்கையான ஒருவர் அக்கறையாகப் பார்த்துக்கொண்டாலே குறையக்கூடியது. அப்படியிருக்க, திரும்ப வளராத பல்லை எதற்குத் தேய்க்க வேண்டும்?

அடுத்து நடந்தது விளையாட்டல்ல. வட்டை எடுத்துவிட்டு அதனிடத்தில் டெஃப்லான் கலந்த ஒரு செயற்கைப் பொருளை வைக்கும் அறுவைச் சிகிச்சை 1980களில் அமெரிக்காவில் பரவியது. ஹூஸ்டனைச் சேர்ந்த வைடெக் நிறுவனம் அதைத் தயாரித்தது. மெல்லும் அழுத்தத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொடியை எதிர்க்க வந்த உடம்பின் செல்கள் பக்கத்து எலும்பையே அரித்தன; சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம் வரை. 1990 இறுதியில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. வலிக்காக அறுவை செய்துகொண்டவர்களில் பலர், முன்பிருந்ததைவிடப் பெரிய வலியோடு வாழ்ந்தார்கள். நோயாளிகளே திரண்டு ஒரு சங்கம் வைத்துப் போராடித்தான் இந்த நோய்க்கு ஆராய்ச்சிக் கவனம் கிடைத்தது.

இந்தப் பின்னணியில் 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. நாள்பட்ட தாடை வலிக்குச் செய்யப்படும் சிகிச்சைகளின் சோதனைகளை எல்லாம் ஒன்றுதிரட்டி, மருத்துவர்களும் நோயாளிகளும் கொண்ட குழு தரம் பிரித்தது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை இவை: பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் தாடைக்கும் கழுத்துக்கும் செய்யும் உடற்பயிற்சி, கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது, தசையின் இறுகிய முடிச்சுகளை அழுத்தி நெகிழ்த்துவது, வலியைப் பற்றிய எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் உளவியல் சிகிச்சை, இவற்றோடு வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் நோயைப் பற்றிய விளக்கமும் தைரியச் சொல்லும். பட்டியலில் ஓர் எந்திரம்கூட இல்லை.

கழற்றி மாட்டும் நைட் கார்டு, போடாக்ஸ் ஊசி, ஸ்டீராய்டு ஊசி, ஹயலுரோனிக் அமில ஊசி, லேசர், மூட்டில் இரண்டு ஊசி குத்திக் கழுவிவிடுவது ஆகியவற்றைப் பொதுவாகத் தவிர்க்கலாம் என்று குழு சொன்னது. கடிமானத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும் தகடுகளையும் வட்டை எடுக்கும் அறுவையையும் வேண்டவே வேண்டாம் என்றது. எல்லாப் பல் மருத்துவர்களும் இதை ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது, குறிப்பாக நைட் கார்டு விஷயத்தில். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்த்துக்கொள்பவருக்குப் பல்லைக் காக்க அது உதவும். அது வேறு நோக்கம். வலியைப் போக்கும் என்ற உறுதியோடு ஆயிரக்கணக்கில் வாங்கச் சொன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கலாம்.

இனி மலைக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை தரும் திட்டமாகவே பலரும் அறிவார்கள். அதில் இயன்முறை மருத்துவரும் உண்டு. பக்கவாதம் வந்தவருக்கும் முட்டி தேய்ந்தவருக்கும் வீட்டிலேயே பயிற்சி கொடுக்க அவர் வருகிறார். வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய நலத் துறையும் ஜவ்வாது மலையில் பணியாற்றி வருகிறது. வழிகாட்டுதல் வலுவாகச் சொன்ன சிகிச்சைகளைக் கையில் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். குறை என்னவென்றால், தாடை வலிக்காரர் இயன்முறை மருத்துவரிடம் போவதே இல்லை. தாடை என்றால் பல் டாக்டர் என்பது ஊர்வழக்கம். அனுப்பிவைக்கும் மருத்துவர்களிடமும் அதே வழக்கம் இருக்கிறது.

இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவது என்னவாக இருக்கும்? 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். உதடு மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, நாக்கு அங்கேயே இருந்தால் அது தாடையின் ஓய்வு. களை பறிக்கும்போதும் புளி தட்டும்போதும் அடிக்கடி இந்த நிலைக்குத் திரும்புவதுதான் முதல் பாடம். பல்லைக் கடிக்கும் பழக்கத்தை உடைப்பது இதுதான். அடுத்து, நாக்கை அதே இடத்தில் அழுத்தியபடி வாயை மெதுவாகத் திறந்து மூடுவது. நாக்கு மேலே இருக்கும்வரை தாடை சுழலுமே தவிர முன்னே சறுக்காது; மூட்டு வலியில்லாத எல்லைக்குள் பழகும். சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரொகபாடோ இத்தகைய பயிற்சிகளை ஆறு முறை வீதம் நாளைக்கு ஆறு தடவை செய்யச் சொன்னார். எண்ணிக்கை புனிதமல்ல, விடாமல் செய்வது முக்கியம். கொஞ்சம் நெகிழ்ந்த பிறகு, விரலால் மெல்ல உந்தி வாயை இன்னும் சற்றுத் திறக்கும் நீட்சிப் பயிற்சி. கன்ன எலும்பிலிருந்து தாடை மூலை வரை தசையை விரலால் அழுத்தி நீவுவது. வெந்நீர் ஒத்தடம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கடியில் கையை முட்டுக் கொடுப்பது.

உணவில் மலைக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் மெல்லத் தேவையில்லாததைச் சாப்பிடுங்கள் என்பது எல்லா நாட்டு மருத்துவர்களும் சொல்வது. கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை, விழுங்குகிறோம். சாமைக் கஞ்சியும் அப்படியே. ஓரிரு வாரம் போதும். மாதக்கணக்கில் மெல்லாமல் இருந்தால் தசை இன்னும் பலவீனமாகும். வலி மாத்திரையைச் சில நாட்களுக்கு எடுத்துக்கொள்ளலாம், கடைக்காரர் யோசனையில் அல்ல, சுகாதார நிலைய மருத்துவர் சொல்லி; வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தாடையை ஓயாமல் மெல்ல வைக்கும் பாக்கை மட்டும் முழுதாக விட வேண்டும்.

பாக்கை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தயங்காமல் மலை இறங்க வேண்டியவர்களின் வரிசை அங்கேதான் தொடங்குகிறது. வாய் திறக்கவில்லை என்று வரும் எல்லாருக்கும் தாடை மூட்டு நோய் இல்லை. பாக்கும் அது கலந்த பொட்டலங்களும் போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் மெல்ல மெல்லக் குறுகும். காரம் பட்டால் எரியும். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதன்முதலில் பதிவு செய்தார். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிச் சேர வைக்கிறது. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை இருந்தும், பாக்குக்கு இல்லை. தன் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் வாய் போதிய அளவு திறக்கிறது, ஏறத்தாழ 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல். இரண்டு விரல் கூட நுழையவில்லை, கன்னமும் வெளுத்திருக்கிறது என்றால் பயிற்சியை நம்பி மலையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

குழந்தைகளின் கதை இன்னும் அவசரமானது. மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ விழுந்த பிள்ளைக்கு முகவாயில் அடி. தையல் போட்டால் காயம் ஆறிவிடும். ஆனால் முகவாயில் விழுந்த அடியின் விசை தாடை வழியே மேலேறி, காதுக்கு முன்னாலிருக்கும் மூட்டுத் தலையை உடைத்திருக்கலாம். மூட்டுக்குள் கசிந்த இரத்தம் மெல்ல எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்ட வைத்துவிடும். கீழ்த்தாடை வளர்வதில் அந்த மூட்டுத் தலைக்கும் பங்கு உண்டு என்பதால் முகவாயும் வளராமல் உள்ளொடுங்கும். வாய் திறக்காது, பல் விளக்க முடியாது, தூக்கத்தில் மூச்சுத் திணறும். மேலை நாடுகளில் அரிதான இந்த ஒட்டுநோயை இந்திய முகத்தாடை அறுவை மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு என்பது வட மாவட்டங்களில் வேரூன்றிய நம்பிக்கை. கை காலுக்கு எப்படியோ, குழந்தையின் தாடைக்கு வாரக்கணக்கில் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பது தீங்கு. இங்கே காப்பாற்றுவது அசைவுதான். முகவாயில் அடிபட்ட பிள்ளைக்குக் காதுக்கு முன்னால் வலியோ வீக்கமோ இருந்தால், வாய் கோணித் திறந்தால், அந்த வாரமே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தாடை நழுவி, திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டால் அது வேறு. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற எகிப்திய ஏட்டிலேயே அதை ஏற்றும் முறை இருக்கிறது: கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டு அழுத்திப் பின்னால் தள்ளுவது. இன்றைய அவசரப் பிரிவிலும் அதுவேதான். அதைத் தெரிந்த கையை உடனே தேட வேண்டும். காலில் முள் குத்திய புண்ணோடு தாடை இறுகினால் தனுர்வாதமாக இருக்கலாம். நெஞ்சு பாரமும் வியர்வையும் சேர்ந்து தாடை வலித்தால், மேடு ஏறும்போது வந்து உட்கார்ந்ததும் நின்றால், அது இதயம். மின்சாரம் பாய்வதுபோல ஒரு பக்க முகத்தில் நொடிப்பொழுது வெட்டி வெட்டிப் போகும் வலி நரம்பு நோய். அதற்கு மாத்திரை வேறு. காய்ச்சல், வீக்கம், மரத்துப்போதல், காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லாத வெறும் நாள்பட்ட வலிக்கு இயன்முறை மருத்துவர் சொன்ன பயிற்சிகளை ஆறிலிருந்து எட்டு வாரம் செய்து பார்ப்பது நியாயமான அவகாசம். வாரத்துக்கு ஒரு முறை, பள்ளிப் பிள்ளையின் அளவுகோலை வாங்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து, பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வைக்கலாம். எண்கள் நகரவே இல்லையென்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேலூரிலோ சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ முகத்தாடைப் பிரிவுக்குப் போகலாம். அங்கே மருத்துவர் முதலில் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.